பானையின் அடியையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடிகளின் பானைகளைப் பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். சினிமாவுக்கும் சமையல் குறிப்புக்கும் நடுவில் பானைக்கு ஒரு பக்கம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் படித்து முடித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. "குயவர் சக்கரம்கூட அறியாத அந்த மக்கள் கையாலேயே மண்ணைப் பிசைந்து பானை செய்தார்கள்" என்று ஓர் இடத்தில் இருக்கிறது. கிண்ணத்தின் படத்துக்குக் கீழே "பெரு நாட்டில் சேதமடைந்த நிலையில் கிடைத்தது" என்று போட்டிருக்கிறீர்கள். கடைசிப் பத்தியில், இவ்வளவு நேர்த்தி வெளியிலிருந்துதான் போயிருக்க வேண்டும், நம் கடலோடிகளே கற்றுக்கொடுத்திருக்கலாம் என்று வேறு வருகிறது. மூன்றுமே சரியில்லை ஐயா.

நான் யார் இதைச் சொல்ல என்று கேட்பீர்கள். பிறந்தது அயோத்தியாப்பட்டணம் பக்கம், வாக்கப்பட்டது ஓமலூர் பக்கம். இரண்டு வீட்டிலும் மண்பாண்டத் தொழில்தான். பத்தாவது வரை படித்தேன். எங்கள் அம்மா குப்பனூர் வழியாகக் கொட்டச்சேடு வரைக்கும் தலைச்சுமையாகப் பானை கொண்டுபோய், மலையில் சாமைக்கும் கேழ்வரகுக்கும் மாற்றிக்கொண்டு வருவார். மகன் இப்போது அரிசோனா மாநிலத்தில் சாண்ட்லர் என்ற ஊரில் சிப் கம்பெனியில் இருக்கிறான். பேத்தி பிறந்த சமயம் அங்கே போய் இருந்தேன். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறேன் என்று மருமகள் ஒரு நாள் ஃபீனிக்ஸ் நகரத்தில் ஹெர்ட் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனாள். அதற்கப்புறம் அவளை நான் விடவில்லை. எங்கே பானை இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு, வண்டி ஓட்டியே அந்தப் பெண் களைத்துப்போனாள். படிக்கக் கிடைத்ததையெல்லாம் மகனும் மருமகளும் தமிழில் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். கீழே வருகிற வருடக் கணக்கெல்லாம் அந்த நோட்டில் உள்ளவை.

முதலில் சக்கரம். கொலம்பஸ் போய் இறங்குவதற்கு முன்னால் அந்தக் கண்டத்தில் குயவர் சக்கரம் இல்லை என்பது உண்மை. அதை ஏதோ அறியாமை மாதிரி எழுதியிருப்பதுதான் உறுத்துகிறது. மெக்சிகோவின் வெராக்ரூஸ் பகுதியில் ஆயிரம் வருடத்துக்கும் முந்தைய மண் பொம்மைகள் கிடைத்திருக்கின்றன. நாயும் ஜாகுவார் என்கிற சிறுத்தையுமாக, காலுக்குக் கால் சின்னச் சக்கரம் மாட்டிய பொம்மைகள். டெசிரே ஷார்னே என்ற பிரெஞ்சுக்காரர் 1880 வாக்கிலேயே அப்படி ஒன்றைக் கண்டெடுத்தார். அப்போது யாரும் நம்பவில்லை. 1940களில் மறுபடி கிடைத்த பிறகுதான் வாயை மூடினார்கள். ஆக, உருளுகிற சமாச்சாரம் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. வண்டி இழுக்க மாடும் இல்லை, குதிரையும் இல்லை. பானைக்கு அது தேவைப்படவும் இல்லை. பொம்மையோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஏன் தேவைப்படவில்லை என்பதை எங்கள் வீட்டு வேலையை வைத்தே சொல்கிறேன். எங்கள் பக்கம் பெண்கள் சக்கரத்தில் உட்காருவதில்லை. வீட்டுக்காரர் சக்கரத்தில் இழுத்து எடுப்பதில் வாயும் கழுத்தும் தோளும் மட்டும்தான் ஒழுங்காக இருக்கும். வயிறு தடித்துப்போய், அடியே இல்லாமல் ஓட்டையாகத்தான் பானை சக்கரத்தைவிட்டு இறங்கும். அதை நிழலில் வைப்போம். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் மண் விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதம் வந்ததும் என் முறை. இடது கையில் வழவழப்பான உருண்டைக் கல். அதைப் பானைக்குள் விட்டு உள்பக்கமாக அணை கொடுக்க வேண்டும். வலது கையில் தட்டுப்பலகை. இரண்டையும் அவ்வப்போது சாம்பலில் தொட்டுக்கொண்டால் மண் பிடிக்காது. பானையை மடியில் சாய்த்து உருட்டிக்கொண்டே தட்டத் தட்ட, தடித்திருக்கும் மண் இளகி இறங்கும், வயிறு விரியும், கீழே இருக்கும் ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். ஒரே மூச்சில் முடிகிற வேலையும் அல்ல. ஒரு சுற்றுத் தட்டி, ஆறவிட்டு, மறுபடி எடுக்க வேண்டும். கல் எங்கே இருக்கிறதோ நேராக அங்கேதான் பலகை விழணும். கல்லோ உள்ளே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. கை அறியும், காது அறியும். மண் தடித்த இடத்தில் மொத்து மொத்தென்று கேட்கும். மெலிய மெலியச் சத்தம் இளைத்துக்கொண்டே வரும். அதற்கு மேல் ஓர் அடி போட்டால் கிழிந்தது.

அடுப்பில் உட்காருகிற பாகம், நெருப்பைத் தாங்குகிற பாகம் முழுக்க இப்படித்தான் உருவாகிறது. சக்கரத்துக்கு அதில் பங்கே கிடையாது. இது எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற அதிசயமும் இல்லை. தமிழ்நாட்டில் கைவேலையாகப் பானை செய்கிற எந்தத் தெருவுக்குப் போனாலும் தட்டுகிற சத்தம் கேட்கும்.

ஃபீனிக்ஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய ஊர்மேட்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஹோஹோகம் என்று ஆராய்ச்சியாளர்கள் பெயர் வைத்த மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். கி.பி. 450 வாக்கிலிருந்து ஆயிரம் வருடம்போல அந்தப் பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான மைல் வாய்க்கால் வெட்டி மக்காச்சோளமும் பருத்தியும் விளைவித்தவர்கள். மேட்டூர்க் கால்வாய்த் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கிற நமக்கு அந்த வாய்க்கால்களைப் பார்த்தாலே பெருமூச்சு வரும். அதைப் பற்றி வேறொரு நாள் எழுதலாம். அங்கே வெளிர் மஞ்சள் மண்ணில் செங்காவிக் கோலம் போட்ட பெரிய ஜாடி ஒன்று, பாதி உடைந்தது, கண்ணாடிக்குள் இருந்தது. உடைந்திருந்ததால் உள்பக்கம் தெரிந்தது. வரிசை வரிசையாக ஆழமில்லாத குழிகள். மருமகள் விளக்க அட்டையைப் படித்துச் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. கல்லை உள்ளே கொடுத்துப் பலகையால் தட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பானைக்குள் கையை விட்டால் விரலுக்குத் தட்டுப்படுகிற அதே குழிகள். ஹோஹோகம் மக்களுக்கு இதுதான் முறை. அவர்கள் வழிவந்த ஓஓதாம் மக்களிடமும், பக்கத்திலேயே வாழும் மாரிகோபா பெண்களிடமும் தட்டிச் செய்கிற பழக்கம் நம் காலம் வரை வந்திருக்கிறது.

வடக்கே மேட்டு நிலத்தில் வாழ்ந்த பியூப்லோ மக்களின் முறை வேறு. களிமண்ணைக் கயிறாகத் திரித்து, சுருள் மேல் சுருளாக அடுக்கி ஏற்றுவார்கள். பிறகு சுரைக்காய் ஓட்டுத் துண்டால் வழித்துச் சமப்படுத்துவார்கள். தண்ணீர்ப் பானைக்கும் சாப்பிடுகிற கிண்ணத்துக்கும்தான் இந்த வழிப்பு. சமைக்கிற பானையில் மட்டும் வெளிப்பக்கச் சுருளை அப்படியே விட்டு, விரலால் கிள்ளிக் கிள்ளி மடிப்பு மடிப்பாக ஆக்கியிருக்கிறார்கள். அழகுக்கு என்று அட்டையில் எழுதியிருந்தது. எனக்கென்னவோ, அடுப்பிலிருந்து இறக்கும்போது கையில் வழுக்காமல் இருக்கவும்தான் என்று தோன்றியது. பானையை இறக்கிப் பழகியவர்களுக்கு இது தெரியும்.

அந்தக் கிள்ளலில் ஒரு விஷயம் மாட்டிக்கொண்டது. பியூப்லோ மக்களிடம் பானை என்றால் பெண்கள் வேலை என்றுதான் காலங்காலமாக எல்லோரும் எழுதிவந்தார்கள். இன்றைக்கு அங்கே பானை செய்கிறவர்களைப் பார்த்து, அன்றைக்கும் அப்படித்தான் என்று முடிவுகட்டியிருந்தார்கள். 2019-ல் ஜான் கான்ட்னர் என்பவரும் கூட்டாளிகளும் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சாக்கோ என்ற பகுதியில் கிடைத்த ஆயிரம் வருடத்துப் பானை ஓடுகளை எடுத்து, ஈர மண்ணில் பதிந்திருந்த விரல் ரேகைகளை அளந்தார்கள். ஆண் விரலில் ரேகைக்கு ரேகை இடைவெளி கொஞ்சம் அகலம், பெண் விரலில் கொஞ்சம் நெருக்கம். அளந்து பார்த்தால் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி ஆண்களின் ரேகை. இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஊர்க் கதை ஞாபகம் வந்தது. தொழிலாளர் அட்டை பதியப் போன இடத்தில், "சக்கரம் சுற்றத் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியாது, தட்டுவேன் என்றேன். "அப்போ உதவியாள்தானே" என்று சொல்லி வீட்டுக்காரர் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார் அந்த அலுவலர். மழைக்காலத்தில் சூளை எரியாதபோது வருகிற உதவித்தொகையும் அவர் பெயருக்குத்தான். மின்சாரத்தில் ஓடுகிற சக்கரம் கொடுத்தபோதும் அப்படியே. சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது, வாயும் கழுத்தும் சீக்கிரம் வந்துவிடுகிறது. அடி தட்ட ஆள் நான் ஒருத்திதான். முன்பைவிட இரண்டு மடங்கு ஓட்டைப் பானை எனக்காகக் காத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறது. எங்கள் பானையையும் யாராவது ரேகை பார்த்தால் கழுத்தில் அவர் கை, அடியில் என் கை என்று சாட்சி சொல்லும். சக்கரத்தை வைத்துக் குயவரை அளக்கிற இந்தப் பழக்கம் அலுவலகத்தில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன், பத்திரிகையிலும் வந்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"மண்ணைப் பிசைந்து" என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டீர்களே, அந்த மண்ணில் எவ்வளவு சூட்சுமம் இருக்கிறது தெரியுமா? வெறும் களிமண் சூளையில் வெடிக்கும். எதையாவது கலக்க வேண்டும். நாங்கள் ஆற்று மணல் கலக்கிறோம். நியூ மெக்சிகோவில் அகோமா ஊர்க்காரர்கள் பழைய பானை ஓட்டைப் பொடித்துப் புது மண்ணில் சேர்க்கிறார்கள். பாட்டி செய்த பானை பேத்தி பானைக்குள் போய்விடுகிறது. அமேசான் கரையில் நன்னீர்க் கடற்பஞ்சின் ஊசி ஊசியான துணுக்குகளையும், ஒருவகை மரப்பட்டையை எரித்த சாம்பலையும் கலந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சவானா ஆற்றங்கரையில் சுமார் 4,500 வருடத்துக்கு முந்தைய பானைகளில் செடி நார் கலந்திருக்கிறது. சுட்டதும் நார் எரிந்துபோய் அதன் தடம் மட்டும் ஓட்டில் நிற்கிறது.

எல்லாவற்றையும்விட என்னை அசரவைத்தது மிசிசிப்பி ஆற்றுக்காரர்கள். நம் சேலம் மாவட்டத்து மண்பாண்டக்காரர்களுக்குச் சுக்கான்கல் என்றால் சிம்ம சொப்பனம். சங்ககிரி பக்கமெல்லாம் சுண்ணாம்புக்கல் பூமி. ஏரி மண்ணில் கடுகளவு சுக்கான் தங்கிவிட்டாலும் போச்சு. சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாக மாறிவிடும். பானை நன்றாகத்தான் வெளியே வரும். சந்தைக்குக் கொண்டுபோய் அடுக்கிவைத்த பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து, உப்பி, டப்பென்று காசளவு ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு தெறிக்கும். வாங்கியவர் வந்து சண்டை போடுவார். ஆனால் மிசிசிப்பி கரையில் ஆற்றுச் சிப்பியை எரித்து இடித்து வேண்டுமென்றே மண்ணில் கலந்திருக்கிறார்கள்! சிப்பியும் சுண்ணாம்புதானே? கலந்ததற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் மண் ரொம்பவும் பிசுபிசுப்பு. சிப்பித் தூள் அதைக் கட்டுக்குள் கொண்டுவருகிறது. தட்டையான சிப்பிச் செதில்கள் குறுக்கே கிடப்பதால் மெல்லிய பானையிலும் விரிசல் ஓடாமல் நிற்கிறது. தெறிக்காமல் எப்படிக் காப்பாற்றினார்கள் என்றால், சூட்டை அடக்கித்தான். 700, 800 டிகிரியைத் தாண்டினால் சிப்பி சுட்ட சுண்ணாம்பாகிவிடும். அதற்குள் நெருப்பை நிறுத்தியிருக்கிறார்கள். வெப்பமானி கிடையாது, மூடிய சூளை கிடையாது, திறந்த வெளியில் விறகு அடுக்கி. செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு எதிரே கஹோக்கியா என்று அவர்களுடைய பெரிய நகரமே இருந்தது; மண்ணை மலைபோலக் குவித்துக் கட்டிய மேடுகள் இன்றும் நிற்கின்றன. கி.பி. 1100 வாக்கில் அங்கே அடுப்பில் ஏறியதெல்லாம் இந்தச் சிப்பிப் பானைதான். இதை எங்கள் வீட்டுக்காரரிடம் ஃபோனில் சொன்னபோது, "சும்மா கதை விடாதே" என்றார்.

பெரு நாட்டு வேலையையும் சொல்ல வேண்டும். வடக்குக் கடற்கரையில் மோச்சே மக்கள் இரண்டு பாதி அச்சில் மண்ணை அழுத்தி ஒட்டி, மனித முகத்தையே பானையாக்கினார்கள். ஒரே ஆளின் முகத்தைச் சின்ன வயதிலிருந்து பெரிய வயது வரை அடுத்தடுத்துச் செய்துவைத்த பானைகள்கூட உண்டு. தெற்கே நாஸ்கா மக்கள் சுடுவதற்கு முன்பே பத்து நிறத்துக்கு மேல் மண்சாயம் தீட்டியிருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்தது செங்காவி ஒன்றுதான். மெக்சிகோவில் வாஹாக்கா பக்கம் ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன் முதுகில் இன்னொரு தட்டை நிமிர்த்தி வைத்து, அதில் மண்ணை வைத்துக் கையால் சுழற்றிக்கொண்டே பானை வனைகிறார்கள். அதைச் சக்கரம் என்பீர்களா, இல்லை என்பீர்களா, உங்கள் கட்டுரையாளரிடமே விட்டுவிடுகிறேன்.

அடுத்தது அந்தப் படம். கறுப்பு வெள்ளையில் முயல் வரைந்து, நட்டநடுவில் ஓட்டை விழுந்த கிண்ணம். அது பெரு நாட்டுடையதும் இல்லை, சேதமடைந்ததும் இல்லை. நியூ மெக்சிகோவின் தென்மேற்கு மூலையில் மிம்ப்ரெஸ் என்ற பள்ளத்தாக்கு மக்கள் கி.பி. 1000-லிருந்து 1130 வரைக்கும் செய்தது அந்த வகை. முயல், மீன், கொக்கு, வௌவால், கொம்பு வளைந்த ஆடு என்று எதை வரைந்தாலும் கோடு தடுமாறாது. வீட்டில் புழங்கிய கிண்ணத்தையே, ஆள் இறந்ததும் வீட்டுத் தரைக்கடியில் புதைக்கும்போது முகத்தின்மேல் கவிழ்ப்பார்கள். கவிழ்ப்பதற்கு முன் அடியில் ஓர் ஓட்டை போடுவார்கள். வேண்டுமென்றே போட்டது. எங்கள் ஊரில் எழவு விழுந்தால் குடம் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். கொள்ளி வைக்கிறவர் தோளில் நீர்க்குடத்தோடு சுற்றி வரும்போது சுற்றுக்கு ஒன்றாக ஓட்டை போட்டு, கடைசியில் பின்பக்கமாகப் போட்டு உடைப்பார்கள். அதைப் பார்த்து யாராவது சேதமடைந்த குடம் என்பார்களா? உடனே இரண்டுக்கும் சம்பந்தம் என்று அடுத்த வாரம் ஒரு கட்டுரை போட்டுவிடாதீர்கள். சாவுக்கு முன்னால் மனிதர்கள் செய்கிற காரியம் எங்கேயும் கொஞ்சம் ஒத்துப்போகும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கிண்ணங்கள் கல்லறைப் பொருள். விலை ஏற ஏற, புல்டோசர் வைத்தே மிம்ப்ரெஸ் ஊர்களைப் புரட்டி எடுத்து விற்றார்கள். எலும்பு ஒருபக்கம், கிண்ணம் ஒருபக்கம். 1990-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது: அரசுப் பணம் வாங்குகிற அருங்காட்சியகங்கள் பழங்குடிகளின் கல்லறைப் பொருள்களை உரியவர்களிடம் திருப்பித் தர வேண்டும். பியூப்லோ மக்களில் பலர் அவற்றைக் காட்சிக்கு வைப்பதையே விரும்புவதில்லை. ஆதிச்சநல்லூரில் 1876-ல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்துப் பெர்லினுக்குக் கொண்டுபோனதைப் பற்றி உங்கள் பத்திரிகையிலேயே ஆதங்கப்பட்டு எழுதுகிறீர்கள். அதே ஆதங்கம் அவர்களுக்கும் இருக்காதா? படம் போடும்போது கொஞ்சம் யோசித்துப் போடலாம்.

பானை அதனுள் இருந்ததைக் குடித்து வைத்துக்கொள்ளும் என்பது நமக்குத் தெரியும். மீன்குழம்புச் சட்டியில் யாராவது பாயசம் காய்ச்சுவார்களா? இதே குணத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு புதிரை அவிழ்த்திருக்கிறார்கள். சாக்கோ பள்ளத்தாக்கில் பியூப்லோ போனிட்டோ என்ற பெரிய கட்டடத்தின் ஒரே அறையில் 1896-ல் நூற்றுக்கும் மேற்பட்ட உயரமான உருளை ஜாடிகள் கிடைத்தன. எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. 2009-ல் பட்ரீசியா கிரவுன் என்ற பெண் ஆராய்ச்சியாளரும் ஜெஃப்ரி ஹர்ஸ்ட் என்ற வேதியியலாளரும் அதே கட்டடத்து ஓடுகளைப் பொடித்துச் சோதித்தார்கள். கோகோ கொட்டையில் இருக்கிற தியோப்ரோமின் என்ற பொருள் ஓட்டுக்குள் ஊறிக் கிடந்தது. கோகோ மரம் அங்கே வளராது. ஆயிரம் மைலுக்கும் மேல் தெற்கே, மெக்சிகோவின் வெப்பக் காடுகளில்தான் வளரும். அத்தனை தூரம் கால்நடையாகச் சுமந்து வந்து, நுரை பொங்க ஆற்றிக் குடித்திருக்கிறார்கள். மாயா மக்கள் இன்னும் ஒருபடி மேலே. குவாட்டமாலாவில் 1984-ல் கிடைத்த, திருகி மூடுகிற மூடி போட்ட ஜாடியின் மேலேயே கோகோ என்று அவர்கள் எழுத்தில் எழுதியிருக்கிறது. உள்ளேயும் அதுவே இருந்தது.

கடைசியாக, வெளியிலிருந்து போனது என்கிற பேச்சு. இது புதிதல்ல. எக்குவடோர் கடற்கரையில் வால்டிவியா என்ற இடத்தில் 1956-ல் எமிலியோ எஸ்ட்ராடா ஐயாயிரம் வருடத்துப் பானைகளைத் தோண்டி எடுத்தார். ஓட்டில் இருந்த கோடுகள் ஜப்பானின் பழைய ஜோமோன் பானைக் கோடுகளைப்போல இருந்தன. உடனே அவரும் பெட்டி மெக்கர்ஸ், கிளிஃபோர்ட் எவன்ஸ் என்ற இரண்டு பேரும் சேர்ந்து, ஜப்பான் மீனவர்கள் புயலில் அடித்துவரப்பட்டுக் கற்றுக்கொடுத்தார்கள் என்று 1965-ல் ஒரு பெரிய புத்தகமே போட்டார்கள். புயலில் மாட்டிக்கொண்டு, மாசக்கணக்காகப் பசிபிக் கடலில் மிதந்து, கரை ஏறியதும் முதல் காரியமாகப் பானை வகுப்பு எடுத்தார்களாம்! கொலம்பியாவில் அதைவிடப் பழைய பானைகள் கிடைத்த பிறகு அந்தப் பேச்சு எடுபடாமல் போயிற்று. பிரேசிலில் சாண்டரேம் நகரத்துக்குப் பக்கத்தில் டாபெரின்யா என்ற சிப்பி மேட்டில் கிடைத்த ஓடுகளுக்கு ஏழாயிரம் வருடத்துக்கு மேல் வயது என்று ஆனா ரூஸ்வெல்ட் 1991-ல் காட்டினார். நம் ஆதிச்சநல்லூர்த் தாழிகளைவிடப் பல ஆயிரம் வருடம் முந்தையவை. அப்புறம் நாம் எங்கே போய்க் கற்றுக்கொடுப்பது?

கற்றுக்கொண்ட கணக்கைப் பார்த்தால் கடன் நம் பக்கம்தான். சேலத்தைச் சுற்றி இத்தனை ஜவ்வரிசி ஆலைகள் ஓடுகின்றனவே, அந்த மரவள்ளிக்கிழங்கே தென் அமெரிக்கச் சொத்து. கசப்பு வகையில் விஷம் இருக்கும்; துருவி, பிழிந்து, அகலமான தடித்த மண் ஓட்டில் ரொட்டியாகச் சுட்டு அதைத் தின்னும்படி ஆக்கியது அமேசான் பக்கத்துக் கைகள். மிளகாயும் தக்காளியும் மக்காச்சோளமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். ஆத்தூர்ச் சந்தையில் பாதிக் கூடை அவர்கள் கொடுத்தது.

வெளியாள் வந்து சொல்லித்தராமல் நேர்த்தி வருமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு மனிதரின் கதை போதும். மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் மாட்டா ஓர்டிஸ் என்று ஒரு சின்ன ஊர். அதற்கு அருகில் பக்கிமே என்ற பழைய நகரத்தின் இடிபாடுகள். ஹுவான் கெசாடா என்ற ஏழைப் பையன் கழுதையோடு விறகு பொறுக்கப் போன இடத்தில் கோலம் போட்ட பழைய ஓடுகளைக் கண்டான். அந்த வேலை நின்று பல நூறு வருடம் ஆகிவிட்டது, கேட்க ஆளே இல்லை. எந்த மலையில் எந்த மண், எதைக் கலந்தால் வெடிக்காது, எந்தக் கல்லை அரைத்தால் எந்த நிறம், எல்லாவற்றையும் செய்து செய்தே பிடித்தார். தலைமுடியில் தூரிகை, மாட்டுச் சாணத்தில் சூளை, சக்கரம் இல்லை. 1976-ல் எல்லைக்கு அந்தப்பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் கையெழுத்து இல்லாத மூன்று பானைகளைப் பார்த்த ஸ்பென்சர் மெக்கல்லம் என்பவர், செய்தது யார் என்று தேடிக்கொண்டே அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். கெசாடா தம்பி தங்கைகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கற்றுக்கொடுத்து, ஊரில் நூற்றுக்கணக்கானவர்கள் இன்று அதில் பிழைக்கிறார்கள். 1999-ல் மெக்சிகோ அரசின் தேசிய விருது கிடைத்தது. 2022-ல் காலமானார். நியூ மெக்சிகோவின் சான் இல்டெஃபோன்சோ ஊரில் மரியா மார்ட்டினஸ் அம்மையார் 1919 வாக்கில் கண்டுபிடித்த கறுப்பில் கறுப்புப் பானையும் இதே மாதிரிதான். எரிகிற நெருப்பைக் காய்ந்த சாணப் பொடியால் மூடி மூச்சுத் திணற வைத்தால் செம்மண் பானை கரியாகிவிடும். அவர் கணவர் வரைந்த கோலம் மட்டும் மங்கலாக நிற்கும். அந்த ஒரு பானையை ஹெர்ட் அருங்காட்சியகத்தில் பார்த்துக்கொண்டே நின்றதில் பேத்திக்குப் பால் கொடுக்கிற நேரம் தவறிப்போய் மருமகள் முறைத்தாள்.

திருத்தம் போடுவது உங்கள் வழக்கம் என்பதால் கேட்கிறேன். கிண்ணம் நியூ மெக்சிகோவின் மிம்ப்ரெஸ் மக்களுடையது, ஓட்டை அவர்களே போட்டது. இந்த இரண்டு மட்டுமாவது வரும் ஞாயிறு வரட்டும். கட்டுரை எழுதியவர் சேலம் பக்கம் வந்தால், தை மாதத்துக்கு முன்னால் வரச் சொல்லுங்கள். பொங்கல் பானை வேலை மும்முரமாக நடக்கும், தட்டுவதை நேரில் பார்க்கலாம். ஹோஹோகம் ஜாடியின் உள்பக்கக் குழிகளை மகன் ஃபோனில் படம் எடுத்து வைத்திருக்கிறான். அது உடைந்த தண்ணீர் ஜாடி என்றுதான் அட்டையில் இருந்தது, கல்லறையில் எடுத்தது இல்லை. வேண்டுமென்றால் அனுப்பச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
மண்பாண்டத் தொழிலாளி ஒருவர்,
ஓமலூர் வட்டம், சேலம் மாவட்டம்.